கோயில் வாசலில் நாகலிங்க மரம் வைக்கலாமா?

நாகமலையான்:
அனைவருக்கும் வணக்கம். நான் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறேன். எங்கள் தெருச் சிவன் கோயிலில் திருப்பணி முடிந்துவிட்டது. வாசலுக்கு இடப்பக்கம் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறது. அதில் ஒரு நாகலிங்க மரம் வைக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களுக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். சின்ன வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு மரம் இருந்தது. அதன் வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது.

கவலை என்னவென்றால், அந்த இடத்தை ஒட்டித்தான் காலையில் பிள்ளைகள் பள்ளி வேனுக்குக் காத்து நிற்கிறார்கள். காய் தலையில் விழுந்தால் ஆபத்து என்று ஒருவர் பயமுறுத்தினார். அது உண்மையா? எவ்வளவு இடம் விட வேண்டும்? நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா? பூ, காய், பட்டை எல்லாம் மருந்து என்கிறார்களே, அதில் எது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் மல்லிகா:
கட்டாயம் வையுங்கள் தம்பி. இதைப் போல ஒரு பூ வேறு எந்த மரத்திலும் கிடையாது. ஆறு இதழ், நடுவில் லிங்கம், மேலே படம் எடுத்து நிற்கும் நாகம். லிங்கத்தைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்னக் கேசரங்களைத் தேவர்கள் என்று எங்கள் பாட்டி காட்டுவார்கள். பிரதோஷத்துக்கு ஒரே ஒரு பூ வைத்தாலும் சந்நிதி முழுக்க மணக்கும். கோயில் வாசலில் இதை முழமாகவோ எடை போட்டோ விற்க மாட்டார்கள், ஒவ்வொரு பூவாகத்தான் எடுத்துத் தருவார்கள்.

சித்தர்கள் காலத்திலிருந்து சிவன் கோயிலில் இருக்கிற மரம். ஆயிரக்கணக்கான வருடம் நம் முன்னோர்கள் வைத்து வணங்கியதை இன்றைக்கு ஆபத்து என்று ஒதுக்கிவிடக் கூடாது.

கரிசல்காட்டான்:
எங்கள் தோட்டத்தில் ஒன்று நிற்கிறது. திருமங்கலம் பக்கம், கரிசல் மண். தாத்தா காலத்து மரம். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

வெயில் தாங்கும். ஆனால் கன்றாக இருக்கும்போது தண்ணீர் இல்லாமல் வராது. நம்ம ஜில்லாவில் வருடத்துக்கு 85 சென்டிமீட்டர் அளவுதான் மழை. அதிலும் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்த்துவிடும். மரத்தின் சொந்த ஊர் ஆண்டு முழுக்க ஈரம் இருக்கும் காடு. அதனால் முதல் சில கோடைகள் குடம் குடமாக ஊற்றித்தான் காப்பாற்ற வேண்டும். வேர் ஆழமாகப் போய்விட்டால் பிறகு கவலை இல்லை.

காய் விழுவது உண்மை. எங்கள் மரத்தடியில் கயிற்றுக் கட்டில் போட யாருக்கும் அனுமதி கிடையாது. காற்று மழை வேண்டும் என்பதில்லை, சும்மா நிற்கிற மத்தியானத்தில் 'தொம்' என்று விழும். முற்றிய காய் தரையில் பட்டதும் ஓடு விரிந்து, உள்ளே இருக்கும் கூழ் வெளியே வரும். அந்த நாற்றம் ஊறிப்போன கழனித்தண்ணீர்ப் பானையைத் திறந்தது போல இருக்கும். பூவின் மணத்தையும் பழத்தின் நாற்றத்தையும் ஒரே மரத்தடியில் அனுபவிக்கலாம்.

வாசலில் வேண்டாம் தம்பி. பிள்ளைகள் நிற்கும் இடத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

செடிகொடி:
நான் தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பூவின் உறுப்புகளைக் காட்ட வேண்டும் என்றால் முதலில் செம்பருத்தி, கடைசியில் நாகலிங்கம். இந்தப் பூவைப் பிரித்துப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பூ எங்கே பூக்கிறது என்று பாருங்கள். கிளை நுனியில் இல்லை, அடிமரத்தில். பட்டையைப் பிளந்துகொண்டு கொடிகொடியாகத் தண்டுகள் வரும். அவை முக்கால் மீட்டர் நீளம்கூடப் போகும். மொட்டும் பூவும் காயும் அந்தத் தண்டுகளில்தான். பலாவும் அத்தியும் அடிமரத்தில் காய்ப்பதைப் பார்த்திருக்கிறோம். காய் கனமாக இருக்கும்போது மெல்லிய கிளையை நம்பாமல் அடிமரத்திலேயே தொங்கவிடுவது மரத்துக்கு நல்லது. பூச்சிகளுக்கும் பூ எட்டும் உயரத்திலேயே கிடைக்கிறது. நன்றாக வளர்ந்த மரம் ஒரே நாளில் 1000 பூ வரைகூடப் பூக்கும் என்று பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்து அந்த நாகப் படம். அதுவும் கேசரங்களின் தொகுப்புதான். இந்தப் பூவில் தேன் கிடையாது. வண்டு மகரந்தத்தைத் தேடித்தான் வருகிறது. நடுவில் சூல்முடியைச் சுற்றி வளையமாக நிற்கும் கேசரங்களில் இருப்பது கருவுறச் செய்யும் மகரந்தம். மேலே வளைந்து கவிந்திருக்கும் படத்தில் இருப்பது மலட்டு மகரந்தம், வண்டுக்கு வைத்த உணவு. படத்தில் இருப்பதை எடுக்க வண்டு உள்ளே நுழையும்போது அதன் முதுகு கீழ்வளையத்தில் உரசும். நல்ல மகரந்தம் முதுகில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்விடும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு இருக்கிறதே, அதன் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த இடைவெளி அது. விடியற்காலையில் மரத்தடிக்குப் போய் நின்று பாருங்கள், மணமும் அப்போதுதான் அதிகம். கரிசல்காட்டான் தம்பி தோட்டத்து மரத்திலும் அந்த வண்டு வருமே?

மல்லிகா, உங்கள் பாட்டி காட்டிய தேவர்கள்தான் அந்த நல்ல மகரந்தம் தரும் வளையம். அடுத்த தலைமுறை மரம் அவற்றிலிருந்துதான் வர வேண்டும். பாட்டி சரியான இடத்தைத்தான் உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஆயிரக்கணக்கான வருடம் என்பதை மட்டும் ஒப்ப முடியவில்லை. இது தென் அமெரிக்க மரம். கயானா, அமேசான் பகுதிக் காடுகள்தான் பிறப்பிடம். ஆப்லே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் கயானாவில் பார்த்து 1775இல் வெளியிட்ட நூலில்தான் கூரூபிட்டா கயானென்சிஸ் என்ற பெயரில் முதன்முதலாக விவரித்தார். பிரேசில் கொட்டை மரத்துக்கு நெருங்கிய உறவு. தேவாரத்தில் கொன்றை இருக்கிறது, வன்னி, கூவிளம், எருக்கு, ஊமத்தை எல்லாம் இருக்கின்றன. இவ்வளவு கண்ணைப் பறிக்கிற, சிவனுக்கே செய்து வைத்தாற்போன்ற ஒரு பூ அந்தக் காலத்தில் நம் மண்ணில் இருந்திருந்தால் மூவரும் பாடாமல் விட்டிருப்பார்களா?

வைகைக்கரை:
டீச்சர் சொல்வதற்கு ஒத்தாசையாக ஒன்று. இலங்கை போனபோது பார்த்தேன், அங்கே புத்த விகாரைகளில் இதே மரம். 'சால்' என்கிறார்கள். புத்தர் பிறந்ததும் பரிநிர்வாணம் அடைந்ததும் சால மரத்தடியில் என்பது மரபு. ஆனால் அந்த வட இந்தியச் சால மரம் முற்றிலும் வேறு குடும்பம். இங்கே லிங்கமும் நாகமும் தெரிகிற அதே பூவில் அங்கே தூபியைக் காண்கிறார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் 1901இல் நட்ட ஒரு நாகலிங்க மரம் இருக்கிறது, பிறகு ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக ஆனவரும் அவர் மனைவியும் வைத்தது. ஆங்கிலேயர்கள் இதைப் பீரங்கிக் குண்டு மரம் என்றார்கள், அவர்கள் கண் காயின் மேல் போயிருக்கிறது.

மேலூர் மல்லிகா:
டீச்சர், நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. எங்கிருந்து வந்தால் என்ன, வந்த இடத்தில் சாமிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை வெளிநாட்டு மரம் என்று சொல்லித் தள்ளி வைக்கலாமா?

கரிசல்காட்டான்:
யாரும் தள்ளி வைக்கச் சொல்லவில்லை அக்கா. மிளகாய், கொய்யா, பப்பாளி, சீத்தா எல்லாமே அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான். மிளகாய் இல்லாமல் நம்ம ஊர்க் கறிக்குழம்பு ஏது?

டீச்சர், வண்டு வரும். காலையில் மரம் முழுக்க ரீங்காரம்தான். பூவுக்குள் புகுந்து முதுகெல்லாம் மஞ்சளாக வெளியே வரும். ஏன் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மேலூர் மல்லிகா:
பழைய கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றில் இன்றைக்கும் மிளகாய் நுழையாது, மிளகுதான். ஆனால் நாகலிங்கப்பூ நேரே கருவறைக்குள் போய்விட்டது. அதைத்தான் சொல்கிறேன், இந்த மரத்துக்குக் கிடைத்த இடம் வேறு எந்த விருந்தாளிக்கும் கிடைக்கவில்லை.

செடிகொடி:
இதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடே இல்லை மல்லிகா. கடல் தாண்டி வந்த ஒரு மரத்தின் பூவில் சாமியைப் பார்த்து உடனே சந்நிதிக்குள் அழைத்துக்கொண்ட மனசு பெரிய மனசு. அதைப் பழமை என்று சொல்லி மறைக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி.

நம் மதுரைக்கு என்று ஒரு மரம் உண்டு, கடம்பு. ஊரே கடம்பவனம் என்று தலபுராணம் சொல்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் சுவாமி பிரகாரத்தில் காய்ந்துபோன பழைய கடம்ப மரத்தை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவு இருந்தும் நகருக்குள் உயிரோடு நிற்கும் கடம்பு எத்தனை பேர் கண்ணில் படுகிறது? நாகலிங்கத்துக்குக் காட்டுகிற ஆசையில் கொஞ்சத்தைக் கடம்புக்கும் காட்டுங்கள் என்று பார்க்கிற கோயிலில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சித்தம் படிப்பவள்:
மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள் அண்ணா. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படிக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அமேசான் பகுதி மக்கள் இதன் இலையைத் தோல் நோய்க்கும் பல்வலிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள், அது உண்மை. ஆய்வகத்தில் இந்த மரத்திலிருந்து சில பொருட்களைப் பிரித்திருக்கிறார்கள். அவுரிச் சாயத்தில் இருக்கும் நீலப்பொருள், அதோடு சேர்ந்து வரும் இண்டிரூபின், அப்புறம் டிரிப்டாந்திரின். பழத்தை உடைத்து வைத்தால் வெள்ளைச் சதை காற்றுப் பட்டு நீலம் பாயும், கவனித்திருப்பீர்கள். கிருமிகளுக்கு எதிராக இதன் சாறு வேலை செய்வதாகச் சோதனைக் குடுவை அளவில் முடிவுகள் உண்டு.

குடுவையில் கிருமி சாவதும் மனிதருக்கு நோய் தீர்வதும் ஒன்று இல்லை. எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள், ஈரல் தாங்குமா என்பதெல்லாம் தெரியாமல் பூவைக் கஷாயம் போட்டுக் குடிப்பது தவறு. வாட்ஸ்அப்பில் சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் இது மருந்து என்று சுற்றுகிறதே, அதை நம்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். என் உறவில் ஒருவர் அப்படி நிறுத்தி மிகவும் கஷ்டப்பட்டார். பூவைச் சாமிக்கு வையுங்கள், வாசனையை அனுபவியுங்கள், அத்தோடு போதும்.

நாகமலையான்:
இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. அனைவருக்கும் நன்றி.

நேற்றுக் கோயிலில் பேசினேன். வாசல் பக்கம் வேண்டாம் என்பதைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கோயிலுக்குப் பின்னால் நந்தவனம் இருக்கிறது, ஆள் நடமாட்டம் குறைவு. அதன் மேற்கு மூலையில் வைக்கலாமா? மதில் பக்கத்தில் இருக்கிறது. அதோடு, காய் எவ்வளவு பெரிசாகும், எவ்வளவு நாளில் முற்றும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். பூ மட்டும் வேண்டும் என்றால் காயை வெட்டிவிடலாமா?

செடிகொடி:
காய் 20 முதல் 25 சென்டிமீட்டர் விட்டம் வரை வரும். அந்த அளவு உருண்டை சில கிலோ எடை இருக்கும், ஓடு மரக்கட்டைதான். பூத்ததிலிருந்து முற்ற ஒரு வருடம் ஆகும், சில நேரம் ஒன்றரை வருடம். சின்னக் காயில் 65 விதை இருந்தால் பெரிய காயில் 550 வரை இருக்கும். மரத்தின் சொந்த நாட்டில் காட்டுப்பன்றி இனங்கள் கீழே விழுந்த பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. விதையின் மேல் ரோமம் உண்டு, வயிற்றுக்குள் போய் வெளியே வரும்வரை அதுதான் காப்பு என்று கருதுகிறார்கள். நம்ம ஊரில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. அதனால்தான் மனிதர் நட்ட இடத்தில் மட்டுமே இது நிற்கிறது, தானாகக் காடேறுவதில்லை. சீமைக்கருவேலம் மாதிரி நிலத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம்.

காயை வெட்டலாம். பிஞ்சு எலுமிச்சை அளவில் இருக்கும்போதே தொரட்டியால் பறித்துவிட்டால் மரத்துக்குக் கேடு இல்லை. குறிப்பாக ஆள் உயரத்துக்கு மேலே வரும் காய்களை விடக் கூடாது. அடிமரத்தில் கீழே வருபவற்றில் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்.

மதிலிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். இது சின்ன மரம் இல்லை, காட்டில் 35 மீட்டர் வரை உயரும். இங்கே அவ்வளவு போகாவிட்டாலும் தூரும் வேரும் பருக்கும்.

கரிசல்காட்டான்:
இன்னொன்று. இலை முழுக்கக் கொட்டிவிட்டது, மரம் பட்டுப்போச்சு என்று ஒருநாள் பயந்து போன் செய்வீர்கள். பட்டுப்போகாது. வருடத்தில் ஒரு தடவைக்கு மேலேயே கொட்டும், சில நாளில் மொத்தமாகத் துளிர்த்துவிடும். மொட்டைமரத்தில் பூ மட்டும் நிற்கும்போது பார்க்க வேண்டும்!

காய் ஓட்டைக் காயவைத்து என் அப்பா விதைச்சோளம் போட்டு வைத்திருந்தார். அந்த நாட்டிலும் பாத்திரமாகப் பயன்படுத்துவார்களாம். பழக் கூழைப் பன்றிக்கும் கோழிக்கும் போடலாம். எங்கள் கோழிகள் கொத்தும்.

வைகைக்கரை:
பூ வாசனைக்குப் பாம்பு வரும் என்கிறார்களே, பிள்ளைகள் நந்தவனத்துக்குப் போவார்கள் என்பதால் கேட்கிறேன்.

கரிசல்காட்டான்:
தாழம்பூவுக்கும் அதையேதான் சொல்கிறார்கள். பாம்பு எலியையும் தவளையையும் தேடி வரும், பூவைத் தேடி வராது. விழுந்த பழத்தை அழுக விட்டு, அடியில் சருகைச் சேர்த்து வைத்தால் எலி வரும், எலி வந்தால் அதுவும் வரும். தினமும் கூட்டிப் பெருக்கினால் போதும்.

செடிகொடி:
தம்பி, கோயிலுக்குத் தெப்பமோ ஊருணியோ இருக்கிறதா? இருந்தால் கரையில் செங்கடம்பு ஒன்று வையுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. செங்கடம்பு நாகலிங்கத்தின் குடும்பத்தையே சேர்ந்தது, ஆனால் நம் மண்ணிலேயே பிறந்தது. நாட்டுமருந்துக் கடையில் சமுத்திரப்பழம் என்று விற்பது அதன் காய்தான். பார்ப்பதற்கு இரண்டும் உறவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செங்கடம்பில் சிவப்புப் பூக்கள் நீண்ட சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும். இருட்டிய பிறகு விரிந்து, விடிவதற்குள் உதிர்ந்து தண்ணீரை மூடிவிடும். பூவை எடுத்துப் பார்த்தால் இதழைவிடக் கேசரக் கற்றைதான் பெரிது, அங்கேதான் குடும்பச் சாடை தெரியும்.

தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம். வேடந்தாங்கல் ஏரிக்குள் பறவைகள் கூடு கட்டும் மரங்களில் முக்கியமானது இதுதான். நம் கண்மாய்க் கரைகளில் இது நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நாகமலையான்:
ஊருணி இருக்கிறது டீச்சர், கோயிலுக்குக் கிழக்கே. இந்த மரத்தின் பட்டையையும் காயையும் போட்டு மீன் பிடிப்பார்கள் என்று எங்கள் மாமா சொல்கிறார். ஊருணி மீனுக்கு ஆகாதா?

செடிகொடி:
மாமா சொல்வது சரி. அதில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. காயையும் பட்டையையும் இடித்து, தேங்கிய குட்டையில் நிறையக் கலக்கினால் மீன் மயங்கி மிதக்கும். கரையில் நிற்கும் மரத்திலிருந்து தானாக விழுவதால் அப்படி ஆவதில்லை. வேடந்தாங்கலில் அந்த மரங்கள் ஏரிக்குள்ளேயே நிற்கின்றன, அதே ஏரியில் மீனும் இருக்கிறது.

ஒத்தக்கடை நாற்று:
நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன், யானைமலை அடிவாரம். நாகலிங்கக் கன்றுக்கு வருகிறவர்கள் பலர் பை விதை கேட்பார்கள், காய்ந்த விதை முளைக்காது. தானாக விழுந்த பழத்தை அன்றோ மறுநாளோ உடைத்து, கூழோடு விதையை எடுத்து, வாளித் தண்ணீரில் பிசைந்து கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நாற்றம் சீக்கிரம் போகாது. மணல், செம்மண், மக்கிய சாணம் கலந்த பையில் அரை விரல் ஆழத்தில் ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். முழங்கால் உயரம் வந்த பிறகு நடலாம்.

குழி மூன்றடிக்கு மூன்றடி. புரட்டாசி கடைசியில் வெட்டி ஆறப்போட்டு, ஐப்பசி முதல் மழை இறங்கியதும் நடுங்கள். ஆடு கடிக்காமல் கூண்டு வேண்டும். பூக்கப் பல வருடம் ஆகும், அவசரப்படக் கூடாது. செங்கடம்புக்கும் விதைதான், அது சுலபமாக வரும்.

நாகமலையான்:
சரி, முடிவு இதுதான். நந்தவனத்தில் மதிலை விட்டுத் தள்ளி நாகலிங்கம், சுற்றிலும் முள்கம்பி இல்லாமல் ஒரு கல்திட்டு. ஊருணிக் கரையில் செங்கடம்பு. பிள்ளைகள் நிற்கும் வாசலில் நிழலுக்கு ஒரு புங்கன். பெரியவர்கள் மூன்றுக்கும் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

கரிசல்காட்டான் அண்ணே, உங்கள் மரத்துப் பழம் கிடைக்குமா?

கரிசல்காட்டான்:
தாராளமாக. அடிமரத்தில் ரெண்டு காய் முற்றி ஓடு நிறம் மாறியிருக்கிறது, இந்த மாதம் விழுந்துவிடும். விழுந்த அன்றைக்கே தகவல் போடுகிறேன், மறுநாள் வந்துவிடுங்கள். மூடி உள்ள வாளி ஒன்று கொண்டு வாருங்கள். சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏறினால் திருமங்கலம் தாண்டுவதற்குள் கண்டக்டர் இறக்கிவிட்டுவிடுவார்.